“எங்கேம்மா ரெஃபர் பண்ணுவே?”

பிளஸ் டூவில் நான் காமர்ஸ் குரூப். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே போக முடியவில்லை. எந்த குரூப் படித்தவர்களையும் எடுக்கும் 2 வருட ஏஎன்எம் (துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர்) படிப்பில் சேர்ந்தேன்.

தாய் சேய் நலம், தடுப்பூசி, சமுதாய நலம் இவைதான் அதில் பெரும்பகுதி. போஸ்டிங் துணை சுகாதார நிலையத்தில், சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடாமல் விழுங்குகிறார்களா என்று துருவித் துருவிக் கேட்பது எல்லாம் நம் வேலை. பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார். ஏஎன்எம் என்றால் ‘பாதி நர்ஸ்’ என்று பேசுபவர்களை ஒரு வாரம் அங்கே உட்கார வைக்கவேண்டும்.

அப்புறம் ஜிஎன்எம் (பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமா). ஏஎன்எம் முடித்திருந்தாலும் சலுகை கிடையாது, மறுபடி முதல் வருடத்திலிருந்து 3 வருடம். முதல் பிரசவ வார்டு போஸ்டிங்கில் ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் 150/100 வந்தது. பழக்க தோஷத்தில் “ரெஃபர் பண்ணணும் சிஸ்டர்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “எங்கேம்மா ரெஃபர் பண்ணுவே? எல்லாரும் இங்கேதான் ரெஃபர் பண்றாங்க.”

எனக்கு வித்தியாசம் உறைத்தது அங்கேதான். கிராமத்தில் 140/90 தாண்டினால் மறுபடி அளந்து, சிறுநீரில் புரதம் பார்த்து, மேலே அனுப்பவேண்டும். அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால், அதை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசியில் முதல் டோஸ் போட்டு 108-இல் ஏற்றவேண்டும். வார்டிலோ அதே ஊசியின் அடுத்தடுத்த டோஸ்கள் நம் கையில். மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதா என்று தெரிய, ஒவ்வொன்றுக்கும் முன்னால் முழங்காலைத் தட்டி, கால் உதறுகிறதா என்று பார்க்கவேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக்கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்கியிருக்கவேண்டும், அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் ஊசி போடாமல் டாக்டரைக் கூப்பிடவேண்டும். கூப்பிடாமல் விட்டால் பதில் சொல்லவேண்டியது நாம்தான்.

பிறகு, ஜிஎன்எம் முடித்தவர்களுக்கான 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. அதில் நிர்வாகம், கற்பித்தல், ஆராய்ச்சி சேர்ந்துகொண்டது: ஊசிக்கு முன் பார்த்ததையெல்லாம் குறிக்கும் மெக்னீசியம் சல்பேட் சார்ட்டை மாணவிகளுக்குச் சொல்லித்தருவது, டியூட்டி லிஸ்ட் போடுவது, எத்தனை சார்ட்டில் கட்டம் காலியாக இருக்கிறது என்று எண்ணுவது.

ஒவ்வொரு படிப்பு முடிந்ததும் நர்சிங் கவுன்சிலில் தனித்தனியாகப் பதிய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எனக்கு இனிஷியல், ஏஎன்எம் சான்றிதழில் அப்பாவின் முழுப்பெயர். இந்த ஒரு குளறுபடிக்கு அஃபிடவிட்டோடு 4 மாதம் அலைந்தேன். சேரும்போதே பெயரைச் சரிபார்த்துவிடுங்கள்.

2, 3, 2 ஆக மொத்தம் 7 வருடம். உயிரியல் எடுத்திருந்தால் நேரடி பி.எஸ்சி. 4 வருடம்தான். தங்கையை அப்படித்தான் சேர்த்துவிட்டேன். முதல் வருடம் படிக்கிறாள், ரத்த அழுத்தம் பார்த்துப் பழகுவது என் கையில்தான்.