ப்ளூ கார்டிலிருந்து ஜெர்மன் பாஸ்போர்ட் வரை

ஜெர்மன் குடியுரிமை வாங்கியதில் எனக்கு அதிக நேரம் பிடித்தது பெயரும் பிறப்புச் சான்றிதழும். மற்றதெல்லாம் வரிசையாக நடந்தது. அதனால் இப்போது அங்கே போகக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்: ஊரில் இருக்கும்போதே காகிதங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நான் 2018-இல் வேலை கிடைத்து ப்ளூ கார்டில் போனேன். பட்டதாரிகள் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் தங்கி வேலை செய்யத் தரும் அனுமதி அது. பட்டப்படிப்பும், அரசு அந்தந்த ஆண்டு நிர்ணயிக்கும் குறைந்தபட்சச் சம்பளமும் இருந்தால் இதுதான் நல்ல வழி. கணவன் அல்லது மனைவி ஜெர்மன் தெரியாமலேயே கூட வரலாம், வந்தவுடன் வேலைக்கும் போகலாம். பி1 அளவு, அதாவது அன்றாட விஷயங்களைப் பேசிச் சமாளிக்கும் நடுநிலை ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் இப்போது 27 மாதம். அந்த மாதங்களில் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். பி1 சீக்கிரம் முடித்துவிடுங்கள், குடியுரிமைக்கும் அதே சான்றிதழ் போதும்.

குடியுரிமைக்கு முன்பு எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். 2024 ஜூன் 27 முதல் ஐந்து ஆண்டு. சொந்த வருமானம் வேண்டும், குற்ற வழக்கு இருக்கக் கூடாது. குடியுரிமைத் தேர்வும் எழுத வேண்டும், அதில் 33 கேள்விகள், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. மொத்தம் 310 கேள்விகளையும் முன்பே வெளியிட்டிருக்கிறார்கள், படித்தால் பயமில்லை. விண்ணப்பக் கட்டணம் பெரியவர்களுக்கு 255 யூரோ.

இனி காகிதக் கதை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, அப்பா பெயர் இனிஷியல்தான். வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழிலோ என் பெயரே இல்லை. அந்தக் காலத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்களே, அப்படி. அப்பா நகராட்சிக்கு அலைந்து பெயரைச் சேர்த்து அனுப்பினார். அந்த வயதில் அவரை அலைய வைத்தது இன்றும் மனதை உறுத்துகிறது. ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்ட இந்தியா தரும் அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. ஜெர்மன் அதிகாரிகளுக்குக் காகிதத்தில் சந்தேகம் வந்தால் தூதரகம் வழியாக ஊரிலேயே விசாரித்துச் சரிபார்க்கச் சொல்லலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

குடியுரிமை கிடைத்தபின் பதிவு அலுவலகத்தில் உறுதிமொழி கொடுத்து, எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்று நாமே முடிவு செய்யலாம். ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் அதை முடித்துவிடுங்கள். பெயர் மாறினால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் காகிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியத் துணைத் தூதரகத்தில் அது வேண்டியிருக்கும்.

ஜெர்மனி இப்போது இரட்டைக் குடியுரிமைக்குச் சம்மதிக்கிறது, இந்தியா சம்மதிப்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி வேறு நாட்டுக் குடியுரிமை ஏற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டில் அதன்பின் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, அப்புறம் ஓசிஐ அட்டைக்கு, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடையில் ஊருக்குப் போக வேண்டுமானால் விசா எடுக்க வேண்டும். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால் இந்த இடைவெளியை யோசித்துத் தேதி குறியுங்கள். இ-விசா வழி இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஓசிஐ இருந்தால் ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்துபோகலாம். வாக்குரிமை கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் பெற்றோரிடமிருந்து வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஊரில் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை வக்கீலிடம் உறுதி செய்துகொண்ட பிறகே நான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.