நாடகம் முடிந்த பிறகு: ஒரு காந்தாரத்தைத் தேடிய எட்டு வாரம்

நவம்பர் கடைசியில் எங்கள் பள்ளியின் இசை நாடகம் முடிந்தது. வெள்ளி ஒரு காட்சி, சனி ஒரு காட்சி. லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவுக்குள் நடக்கும் கதை, நாடக மிஸ் எழுதியது. எனக்குப் பூ விற்கும் பெண் வேடம். மூன்று பாட்டு, அதில் ஒன்று தனியாக. நான் பன்னிரண்டாம் வகுப்பு. அதனால் அந்த மேடையில் எனக்கு இதுதான் கடைசி.

திங்கட்கிழமை நாலு மணிக்கு மணி அடித்ததும் நேராக ஹாலுக்குத்தான் போனேன். நாலு மாதப் பழக்கம். உள்ளே தேர்வுக்கு பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டியிருந்த டேப் மட்டும் மேடையில் அப்படியே இருந்தது. என்னுடையது மஞ்சள். கொஞ்ச நேரம் அதன்மேல் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து எழுதி வைத்த குறிப்பு இது: கட்டிய குரலையும், ஸ ரி க ம-வில் 'க' ஆன காந்தாரத்தையும் திரும்பச் சரிப்படுத்த முயன்ற கதை. நாடகத்துக்காகக் குரலை மாற்றிக்கொண்டு, அப்புறம் பழைய கர்நாடகப் பாட்டு வகுப்புக்குத் திரும்பும் யாருக்காவது உதவலாம்.

முதல் வாரம் பாடவே முடியவில்லை. தொண்டை கட்டியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். என் சுருதி, அதாவது நான் ஸ வைத்துப் பாடும் இடம், 5 கட்டை; கீபோர்டில் அது ஜி. தனிப் பாட்டின் உச்ச ஸ்வரம் டி, அதாவது எனக்கு மேல் ஸ்தாயி பஞ்சமம் (மேல் ஸ-வுக்கும் மேலே வரும் ப). பாட்டு வகுப்பில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுவேன். நாடகத்தில் அதை எட்டு தட்டு நேராக, அசைக்காமல் பிடிக்க வேண்டும். குரலை மெல்லியதாக்கி ஏறத் தெரியாமல், கீழே பேசும் கனத்தோடேயே மேலே தள்ளினேன். இரண்டு காட்சி தாங்கியது, மூன்றாவது இருந்திருந்தால் தாங்கியிருக்காது. அம்மா பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் கொடுத்தாள். இதமாக இருந்தது, ஆனால் காலையில் எழுந்தால் அதே கரகரப்பு.

பத்தாம் நாள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். சின்ன கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாணில் வீக்கம் மட்டும்தான், முடிச்சு எதுவும் இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மாவும் நானும் எவ்வளவு பயந்து காத்திருந்தோம் என்று சொல்லி முடியாது. ஒரு வாரம் பேச்சைக் குறைக்கச் சொன்னார். கிசுகிசுப்பாகவும் பேசாதே, தொண்டையைக் கனைக்காதே, கனைக்கும்போது நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்றார். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கனைக்கிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன். கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

மூன்றாம் வாரம் ஸ்ட்ரா பயிற்சி தொடங்கினேன். டம்ளரில் இரண்டு விரல் உயரம் தண்ணீர், அதில் ஸ்ட்ராவின் நுனி மூழ்கியிருக்க, குமிழி வர வர ஸ, ப, மேல் ஸ என்று முனகுவது. தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. வாய்ப்பக்கம் வழி குறுகலாக இருப்பதால் காற்று கொஞ்சம் திரும்பி அழுத்தும், அதனால் நாண்கள் முட்டிக்கொள்ளாமல் மெதுவாகச் சேர்ந்து அதிரும். முதல் நாள் மேல் ஸட்ஜத்தில் குமிழி நின்று நின்று வந்தது. ஐந்தாம் நாள் ஒரே சீராக வந்தது. நான் செய்த எல்லாவற்றிலும் அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

அப்புறம் பாட்டு மாமியிடம் போனேன். மும்பையில் எங்கள் செம்பூரில் ஹார்பர் லைன் லோக்கல் வண்டி பிடித்து, வடாலாவில் மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி நடக்க வேண்டும். வழியில் சண்முகானந்தா அரங்கம். 2,700 இருக்கைக்கு மேல் உள்ள இடம். எங்கள் ஹாலில் நானூறு பேர் உட்காரலாம். சின்ன வயதிலிருந்து தாண்டிப் போகிற கட்டடம்தான், ஆனால் அன்றைக்கு நின்று பார்த்தேன். அந்த மேடையில் நிற்பவருக்குக் கடைசி வரிசை எவ்வளவு தூரத்தில் தெரியும் என்று இப்போது என்னால் யோசிக்க முடிகிறது.

மாமி தம்புராவை மீட்டிவிட்டு மோகன ராகம் பாடச் சொன்னார். இரண்டு வரிதான் பாடினேன். நிறுத்திவிட்டார்.

"காந்தாரம் ஏறி நிக்கறதே. எங்கேர்ந்து கொண்டு வந்தே இதை?"

எனக்குக் கேட்கவில்லை. சரியாகத்தான் பாடுகிறேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து போன் டியூனரில் பார்த்தபோது காந்தாரம் 494 ஹெர்ட்ஸ் காட்டியது. கீபோர்டின் பி ஸ்வரமும் கிட்டத்தட்ட அதேதான், 493.88. அப்படியானால் என்ன தப்பு?

பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். 5 கட்டையில் என் மேல் ஸட்ஜம் 392. அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரம் (மோகனத்தில் வரும் காந்தாரம்) ஐந்துக்கு நாலு என்ற விகிதம். 392-ஐ 4-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 490. நான் பாடியது நாலு ஹெர்ட்ஸ் அதிகம். எந்தக் கட்டையிலும் வாசிக்க வசதியாக கீபோர்டில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்திருக்கிறார்கள். அதில் பஞ்சமம் ஏறக்குறைய சரியாகவே விழும்: விகிதப்படி மேல் ஸ்தாயி பஞ்சமம் 588, கீபோர்டில் 587.33. காந்தாரம்தான் உயர்ந்துவிடும். நாலு மாதம் கீபோர்டோடு பாடிப் பாடி என் காது அந்தக் காந்தாரத்தையே சொந்தமாக்கிக்கொண்டுவிட்டது. பௌதிகம் படித்து எனக்கு இவ்வளவு சந்தோஷம் இதற்கு முன் கிடைத்ததில்லை.

அடுத்த வகுப்பில் பேப்பரை மாமியிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு தம்புராவை என் காதருகே சாய்த்தார். "இதுல ஸ, ப தவிர வேற தந்தி இல்லை. ஆனா காந்தாரம் கேக்கும். கண்ணை மூடிண்டு கேளு." ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மந்தர ஸட்ஜத் தந்தி (கீழ் ஸ தந்தி) ஓயும்போது, மேலே எங்கேயோ மெலிதாக ஒரு காந்தாரம் வந்தது. அந்தத் தந்தி 98 ஹெர்ட்ஸ். தந்தி அதிரும்போது அந்த எண்ணின் மடங்குகளும் கூடவே மெலிதாக ஒலிக்கும். அதன் ஐந்தாவது மடங்கு 490. பேப்பரில் நான் போட்ட அதே எண் தந்தியிலிருந்து தானாக வருகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மாமி என்னை மாயாமாளவகௌளை ராகத்துச் சரளி வரிசைக்கு, அதாவது பாட்டின் முதல் பாடத்துக்கு, அனுப்பினார். ஆறு வயதில் பாடியது. வெட்கப்படவில்லை. காந்தாரத்தில் நிறுத்தி, தம்புராவில் அது கேட்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போவது. தினமும் இருபது நிமிடம்.

இதற்கிடையில் மார்கழி பிறந்தது. எங்கள் கட்டடத்து மாமிகளோடு விடியற்காலையில் உட்கார்ந்து பாசுரம் பாடினேன். சுருதிப் பெட்டி ஒன்று, பத்துப் பன்னிரண்டு குரல். நாடகம் முடிந்து நான் தேடிக்கொண்டிருந்தது இதையும்தான் போலிருக்கிறது. கைதட்டலை நினைத்து ஏங்கவில்லை. பக்கத்தில் இன்னொருவர் மூச்சு எடுக்கும் சத்தம் கேட்க வேண்டும் என்றிருந்தது.

ஜனவரி முதல் வாரம் டியூனரில் 492. மூன்றாம் வாரம் தம்புராவோடு பாடினால் 490, 491. தம்புரா இல்லாமல் பாடினால் மறுபடி 493-க்கு ஏறிவிடுகிறது. இது இன்னும் தீரவில்லை. மேல் பஞ்சமம் இப்போது தள்ளாமல் வருகிறது, நாலு தட்டு வரை. எட்டுக்கு முயற்சி செய்யவில்லை.

பௌதிகப் பிராக்டிகல் முடிந்த அன்று நாடகக் கூட்டத்தில் பாதிப் பேர் பள்ளியில் இருந்தோம். கீபோர்டு வாசித்த பையன் இசை அறையைத் திறக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினான். கடைசிப் பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடினோம். காந்தாரம் வந்தபோது கவனித்தேன். கீபோர்டு இருந்ததால் குரல் தானாக 494-க்குப் போய் அங்கே பொருந்தி நின்றது. இதை மாமியிடம் தப்பு செய்ததைப் போலச் சொன்னேன்.

"அங்கே அது, இங்கே இது. காது கேட்டுண்டு இருந்தா போறும்" என்றார்.

போர்டு தேர்வு பிப்ரவரி நடுவில். அதுவரை காலையில் ஸ்ட்ரா, இரவு படித்து முடித்ததும் பதினைந்து நிமிடம் சரளி வரிசை, அவ்வளவுதான். ஞாயிறு வகுப்புக்கு மட்டும் அப்பாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.