தொப்பி பிரித்த பிள்ளைகள்

சிங்கப்பூரின் ஈசூனில் தொடக்கநிலை 5, 6 மாணவர்களுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். வாசிப்பு வகுப்பில், படிப்பது எந்த மொழியிலும் இருக்கலாம். பேசுவது மட்டும் தமிழில். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவல் எங்களிடம் வந்தது அப்படித்தான்.

1997இல் லண்டனில் வெளியானபோது கெட்டி அட்டையில் அச்சானவை 500 பிரதிகள்தாம். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கதை. இரண்டே ஆண்டுகளில், அமெரிக்க நூலகங்களில் அதிக ஆட்சேபத்துக்கு உள்ளான வரிசையாகவும் ஆனது. மந்திரம், சூனியம் என்ற அதே கவலையோடு ஒரு தாயார் என்னிடமும் கேட்டார்: "பிள்ளைங்க மனசு கெட்டுப்போகாதா டீச்சர்?" விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் என்றேன்.

உண்மையில், மந்திரக்கோலைப் பற்றி வகுப்பில் பேச்சே குறைவு. எல்லாரும் பேசியது தொப்பியைப் பற்றி. மந்திரப் பள்ளிக்கு வந்த முதல் இரவிலேயே, 11 வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு பழைய தொப்பியை வைக்கிறார்கள். பள்ளியின் நான்கு இல்லங்களில் பிள்ளைக்கு எந்த இல்லம் என்று அது கத்திச் சொல்லிவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இது கற்பனையாகவே படவில்லை. அவர்களுக்கு 12 வயதில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, 4 முதல் 32 வரை ஒரு மதிப்பெண். அதை வைத்துப் பிள்ளைகளை விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரித்த பிரிப்பு 2024இல் உயர்நிலை 1க்குப் போனவர்களோடு நீங்கிவிட்டது. நல்ல மாற்றம். ஆனாலும் 'எந்தப் பள்ளி கிடைக்கும்' என்ற பேச்சு வீடுகளில் ஓய்ந்தபாடில்லை. அதனால்தான், 'ஸ்லிதரின் இல்லம் மட்டும் வேண்டாம்' என்று ஹாரி மனத்துக்குள் மன்றாட, தொப்பி அதற்குச் செவிகொடுக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். பிரிக்கப்படும் பிள்ளைக்கும் ஒரு சொல் உண்டு என்பதுதான் இந்த நாவலின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தில் ஹாரியின் இல்லமான கிரிஃபிண்டோரும் ஸ்லிதரினும் 472 புள்ளிகளில் சமமாக நிற்கின்றன. நண்பர்களையே எதிர்த்து நின்ற துணிச்சலுக்காக கிரிஃபிண்டோர் மாணவன் நெவிலுக்குத் தலைமையாசிரியர் 10 புள்ளி தருகிறார், கோப்பை கைமாறுகிறது. வகுப்பே கைதட்டியது. அதிகம் பேசாத ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "அந்த ஸ்லிதரின் பிள்ளைங்க என்ன தப்பு பண்ணாங்க டீச்சர்? தொப்பிதானே அவங்கள அங்க அனுப்புச்சு?"

அவள் கேட்டது நியாயம். அவர்கள் கண்ணெதிரிலேயே பச்சைக் கொடிகள் இறங்கிச் சிவப்புக் கொடிகள் ஏறுகின்றன. அந்த இல்லத்துக்குப் போன எல்லாரையும் ஒரே நிறத்தில் தீட்டிவிட்டது முதல் நாவலின் குறை என்றே அவளிடம் சொன்னேன். ஹாரிக்குக் கிடைத்த அந்த ஒரு சொல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வகுப்பில் மற்றவர்களும் இதை விடவில்லை. ஸ்லிதரினுக்குப் போன மால்ஃபாயின் தலையில் படுவதற்குள் தொப்பி கத்திவிட்டதே, அவனிடம் அது கேட்டதா என்று ஒருவன் பக்கத்தைப் புரட்டினான். வகுப்பு முடிந்தும் வாக்குவாதம் மின்தூக்கி வரை போயிற்று. அடுத்த தவணையில் தொப்பி வரும் 7ஆம் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் ஒரே நாளில் வைக்கப் போகிறேன்.