1,560 டாலர்

2025 பிப்ரவரி 1, சனி. பிளேனோ, டெக்சாஸ்

ஃபார்ம் 1095-ஏ வந்துவிட்டது, எங்கள் 2024 மருத்துவக் காப்பீட்டின் கணக்குத் தாள். பிரீமியம், மானியத்தைக் கணக்கிட அளவுகோலாக எடுக்கும் ஒப்பீட்டுத் திட்டத்தின் விலை, அரசு முன்பணமாகக் கொடுத்த மானியம் என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தியில் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே எண்: 1,290. அடியில் கூட்டுத்தொகை 15,480 டாலர்.

2023 நவம்பரில் இவருக்கு வேலை போனது. டிசம்பரில் அரசின் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர் டாட் கவ்வில் உட்கார்ந்து, மானியத்துக்காக அடுத்த வருட வருமானம் 55,000 என்று போட்டோம். நான் பல் டாக்டர் கிளினிக்கில் பகுதி நேரம்தான். அன்றைக்கு 55,000 என்பதே பெரிய நம்பிக்கை. மே மாதம் இவருக்குக் கான்ட்ராக்ட் கிடைத்தது. வருடக் கடைசியில், சுயதொழில் வரியில் பாதியைக் கழித்த பிறகும், 1,01,000.

பிப்ரவரி 8

வரி மென்பொருளில் எல்லாவற்றையும் ஏற்றினேன். வாங்கிய மானியத்தையும் உரிய மானியத்தையும் ஒப்பிடும் ஃபார்ம் 8962 முடிந்ததும் திரையில் வந்த தொகை 7,025. இந்த வருமானத்துக்கு எங்களுக்கு உரிய மானியம் 8,455தான். மிச்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். வரியோடு சேர்த்து.

அது போதாதென்று 498 டாலர் அபராதம். கான்ட்ராக்ட் சம்பளத்தில் யாரும் வரி பிடிப்பதில்லை. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையில் நாமே கட்டியிருக்க வேண்டும். ஒன்றுமே கட்டவில்லை. 2024 வரியில் 90 சதவீதம் அல்லது 2023 வரி முழுவதும், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டியிருந்தால் அபராதம் இல்லை. எங்களுக்கு 2023-இன் தொகை 11,400. என் சம்பளத்தில் பிடித்தது அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. அபராதம் வட்டி மாதிரிதான் ஏறுகிறது: 2024-இல் 8 சதவீதம், இந்த வருடம் 7.

பிப்ரவரி 9

ராத்திரி தூக்கமே இல்லை. வருமானம் மாறினால் 30 நாளுக்குள் சொல்லுங்கள் என்று அந்தத் தளத்திலேயே இருக்கிறது. மே மாதம் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் பண்ணினோம், கோயிலுக்குப் போனோம். இதை மட்டும் செய்யவில்லை.

"மாசாமாசம் பிரீமியம் கம்மியா இருந்துச்சே, அதைத்தான் திருப்பிக் கேக்கறாங்க," என்றார் இவர். சரிதான். ஆனால் ஒரே நாளில் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 16

வரி போட்டுத் தரும் அக்கா ஒருவரிடம் காகிதங்களைக் கொண்டுபோனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பென்சிலால் 99,440 என்று எழுதி வட்டம் போட்டார்.

மூன்று பேர் குடும்பத்துக்கு 2024 வரிக்கணக்கில் எடுக்கும் வறுமைக்கோடு 24,860. அதன் நான்கு மடங்கு 99,440. வருமானம் அதற்குக் கீழே இருந்தால், திருப்பிக் கட்ட வேண்டிய தொகைக்கு எங்களைப் போன்ற குடும்பத்துக்கு 3,150 என்று ஓர் உச்சவரம்பு உண்டு. தொட்டாலோ தாண்டினாலோ வரம்பே இல்லை, முழுவதையும் கட்ட வேண்டியதுதான். நாங்கள் தாண்டியது 1,560 டாலர்.

"ரெண்டாயிரம் ஐஆர்ஏல போடும்மா. ஏப்ரல் 15 வரைக்கும் போன வருஷக் கணக்குல போடலாம்."

ஐஆர்ஏ என்பது நாமே தொடங்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. எங்கள் இருவருக்கும் வேலையிடத்தில் ஓய்வூதியத் திட்டம் இல்லை. அதனால் போட்டது முழுவதும் வருமானத்தில் கழியும். 1,01,000 என்பது 99,000 ஆகும். 7,025 என்பது 3,150 ஆகும். அந்த இரண்டாயிரமும் எங்கள் பெயரிலேயே இருக்கும். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன், பேச்சு வரவில்லை.

அபராதத்துக்கும் ஒரு வழி சொன்னார். கான்ட்ராக்ட் மே மாதம்தான் தொடங்கியது. ஏப்ரல் தவணைக்கு அந்த வருமானமே இல்லை. ஃபார்ம் 2210-இல் வருமானம் வந்த காலத்தைப் பிரித்துக் காட்டினால் குறையும். காட்டினோம். 405.

பிப்ரவரி 22

பணம் போடும்போது எந்த வருடத்துக்கு என்று கேட்கும் சின்னப் பெட்டியில் 2025 தானாகவே இருந்தது. 2024 என்று மாற்றி, இவரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் பட்டனை அழுத்தினேன். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பெட்டியைப் பாருங்கள்.

ஏப்ரல் 12

தாக்கல் செய்தாயிற்று. கையில் இருந்ததைக் கட்டிவிட்டோம், மிச்சத்துக்கு 180 நாள் அவகாசம் கேட்டிருக்கிறோம். அதற்குத் தொடக்கக் கட்டணம் கிடையாது, ஆனால் வட்டியும் தாமத அபராதமும் ஓடும். இந்த வருடத்தின் முதல் தவணையையும் இன்றே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14

இரண்டாம் தவணை. 15 ஞாயிறு என்பதால் 16 வரை நேரம் இருந்தது. காத்திருக்க மனமில்லை.

ஜூலை 5

நேற்றுக் கையெழுத்தான புதிய சட்டத்தில் இதுவும் இருக்கிறது: 2026 வரிக்கணக்கிலிருந்து அந்த உச்சவரம்பு யாருக்கும் கிடையாது. கூடுதலாக வாங்கிய மானியம் ஒவ்வொரு டாலராகத் திரும்பப் போகும். வருமானம் ஏறி இறங்கும் வேலை செய்கிறவர்களுக்கு, டாக்ஸி ஓட்டுகிறவருக்கு, பகுதி நேரம் பார்க்கிறவருக்கு, இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. டிசம்பரில் உட்கார்ந்து அடுத்த வருடத்தை அவர்களால் எப்படிச் சரியாகச் சொல்ல முடியும்?

சாயங்காலம் இவர் வந்து, கான்ட்ராக்டில் மணிக்கு நான்கு டாலர் கூட்டியிருக்கிறார்கள் என்றார். கேசரி கிளறுவதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து, புது வருமானத்தை ஏற்றினேன். அடுத்த மாதத்திலிருந்து பிரீமியம் 96 டாலர் கூடுகிறது.