மேல்காற்றில் கனமான இறக்கை: வட யூட்லாந்துச் சரிவுகளில் ஆர்.சி. கிளைடர்

டென்மார்க்கின் வட யூட்லாந்துக் கரையில், இலையுதிர் காலம் தொடங்கியதும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று விநாடிக்கு 12 முதல் 18 மீட்டர் வேகத்தில் வீசும் நாட்கள் அடிக்கடி வரும். கடலிலிருந்து வரும் காற்று மணல்மேட்டில் மோதி மேலே ஏறுகிறது. மோட்டார் இல்லாத, தரையிலிருந்து ரேடியோவால் இயக்கும் (ஆர்.சி.) மாடல் கிளைடர் அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பறக்கும். காற்று 10 மீட்டரைத் தாண்டிவிட்டால் சுமாராகச் செய்த கிளைடர்கூட மேலேயே நிற்கும். சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. எதிர்க்காற்றில் முன்னே போக முடியாமல் சரிவுக்குப் பின்னால் அடித்துச் செல்லப்படுவது ஒன்று. நன்றாகப் பறந்து முடித்து, இறக்கும்போது உடைப்பது மற்றொன்று. முதலாவதற்கு மருந்து எடை, இரண்டாவதற்கு இடத்தேர்வு. நாங்கள் செய்து பார்த்ததில் பெரும்பகுதி இந்த இரண்டைச் சுற்றியே இருந்தது.

இடம்

லோன்ஸ்ட்ருப் பக்கம் ருபியெர் க்னூத என்ற இடத்தில் கடலுக்கு மேலே சுமார் 60 மீட்டர் உயரத்தில் மணலும் களிமண்ணுமான செங்குத்து விளிம்பு இருக்கிறது. பார்த்தவுடன் 'இதுதான் இடம்' என்று தோன்றும். ஏற்றம் அபாரம். ஆனால் அந்த விளிம்பைக் கடல் ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. 1900-இல் விளக்கேற்றிய அங்குள்ள கலங்கரை விளக்கத்தை, அது விழுந்துவிடாமல் காக்க 2019 அக்டோபரில் அப்படியே சுமார் 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அந்த மண்ணின் ஓரத்தில் போய் நிற்கக் கூடாது. விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் உள்ளே நில்லுங்கள். அப்படி நின்றால் விளிம்புக்குக் கீழே போகும் கிளைடர் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் மண் மறைப்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலும் பலவீனமாகும். ஆகவே அங்கே விளிம்பு மட்டத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிடக் கெட்டது பின்பக்கம். கூரான விளிம்பில் மோதி எழும் காற்று உடனே தரையோடு ஒட்டாது. பின்னால் சுருண்டு, தலைகீழாகக் கடலை நோக்கி ஓடும். இந்தச் சுழல் விளிம்பின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம்வரை இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: 3 மீட்டர் கம்பின் நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு ரிப்பன் கட்டி, விளிம்பிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். ரிப்பன் கடலைப் பார்த்துத் திரும்பும் இடமும், இரண்டு ரிப்பனும் வெவ்வேறு திசையில் ஆடும் இடமும் இறங்கத் தகாதவை. உருண்டையான மணல்மேட்டில் இந்தச் சோதனையைச் செய்தால் வித்தியாசம் தெரியும். காற்று முகடைத் தடவிக்கொண்டே பின்னால் இறங்கும், ரிப்பன் ஒரே சீராக நிற்கும். அதனால் 15 மீட்டருக்கு மேல் காற்றுள்ள நாளில் 60 மீட்டர் விளிம்பை விட்டுவிட்டு 20 மீட்டர் மணல்மேட்டையே தேர்ந்தெடுக்கிறோம். உயரம் குறைந்தாலும் பாதகமில்லை. அந்தக் காற்றில் ஏற்றம் மிச்சமாகவே இருக்கிறது.

புல்பியெர் என்ற 47 மீட்டர் சுண்ணாம்புப் பாறையும் இதே கரையில்தான் உண்டு. கடற்பறவைகள் கூடு கட்டும் பாறை அது. வசந்தத்திலும் கோடையிலும் அந்தப் பக்கமே போவதில்லை.

காற்றளவு மானியை முகட்டில் கையைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். சராசரியைவிட உச்சவீச்சு 5 மீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தால் அன்று பறப்பதில்லை. திசையும் முக்கியம். சரிவுக்கு நேர்க்குத்தாக வரும் பகுதிதான் ஏற்றம் தரும். 30 பாகை விலகினால் அதில் 87 விழுக்காடு மிஞ்சும், 45 பாகையில் 71 விழுக்காடு. கணக்கில் இது பெரிய இழப்பாகத் தெரியாது. ஆனால் காற்று சாய்ந்து வரும்போது மேட்டின் ஒவ்வொரு மடிப்பும் தன் பங்குக்கு ஒரு சுழலைக் கிளப்புகிறது. 20 பாகைக்குள் இருக்கும் நாளே நல்ல நாள்.

முதல் கட்டம்: இ.பி.பி. நுரை இறக்கை

வால் இல்லாத, 1.5 மீட்டர் அகல இறக்கை. பரப்பு 32 சதுர டெசிமீட்டர். இ.பி.பி. (விரிந்த பாலிபுரொப்பிலீன்) நுரை நசுங்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அதனால் பலத்த காற்றில் பழக இதைவிட நல்லது கிடையாது. ஆனால் நுரை தனியே வளையும், முறுகும். முறுகும் இறக்கையில் எலிவானை (பின்விளிம்பில் அசையும் கட்டுப்பாட்டு மடலை) தூக்கினால் எலிவானுக்குப் பதிலாக இறக்கையே எதிர்ப்பக்கம் திருகிக்கொள்ளும். வேகம் கூடக் கூடக் கட்டுப்பாடு குறையும். ஆகவே உள்ளே 8 மி.மீ. கார்பன் குழாய் ஒன்று முன்பக்கம், 6 மி.மீ. குழாய் ஒன்று பின்பக்கம். அவற்றின் மேல் இழைநாடா. நாடாவை மேலும் கீழும் குறுக்கு மறுக்காக, எக்ஸ் வடிவில் ஒட்ட வேண்டும். முறுக்கத்தைத் தாங்குவது அந்தக் குறுக்கு நாடாக்கள்தான், நீளவாட்டு நாடாக்கள் அல்ல. ஒட்டுமுன் நுரைமேல் ஸ்ப்ரே பசையை மெல்லிசாக அடித்து, தொட்டால் ஒட்டும் பதம் வரும்வரை காயவிடுங்கள். வெறும் நுரையில் எந்த நாடாவும் நிற்காது.

அதற்கு மேல் லாமினேஷன் ஃபிலிம். அயர்ன் சூட்டை ஒரு வெட்டுத்துண்டில் சோதித்துவிட்டு இறக்கைக்கு வாருங்கள். சூடு மிஞ்சினால் நுரை சுருங்கி, பின்விளிம்பு அலையலையாகிவிடும். கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் ஒரே அளவு இழுபட வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை ஒரு பக்கம் திருகும். சமமான மேசையில் வைத்து இரண்டு நுனியையும் ஒப்பிட்டு, வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வரும்வரை சூடு காட்டித் திருத்துங்கள்.

எலிவான் பால்சா மரம். கண்ட்ரோல் கம்பி 2 மி.மீ., வளையாத நீளத்தில். எலிவானை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் பல்சக்கரம் உலோகமாக இருக்கட்டும். நைலான் பல் பறக்கும்போது போவதில்லை. எலிவான் தரையைத் தட்டும் நொடியில் போகிறது. கம்பி, கொக்கி, கீல் மூன்றிலும் சேர்த்து எலிவானின் பின்விளிம்பில் அரை மி.மீ.க்கு மேல் தளர்வு இருந்தால் வேகப்பாய்ச்சலில் படபடப்பு வரும். அந்தச் சத்தம் கேட்டால் பாய்ச்சலை நிறுத்தி மெதுவாக மூக்கைத் தூக்கி இறக்கிவிடுங்கள். சில விநாடி விட்டாலே கீல் கிழிந்துவிடும்.

அசைவு அளவுகள்: பிட்சுக்கு (மூக்கு ஏறி இறங்க) மேலும் கீழும் 8 மி.மீ., ரோலுக்கு (பக்கவாட்டில் சாய) 12 மி.மீ., எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 விழுக்காடு. நடுநிலையில் இரண்டு எலிவானும் 2 மி.மீ. மேலே. எதுவும் ஏற்றாத எடை 900 கிராம். அதாவது இறக்கைப் பளு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 28 கிராம்.

எடை ஏற்றுதல்

28 கிராம் பளுவில் இந்த இறக்கையின் இயல்பான வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர். முகட்டுக்கு மேல் காற்றும் 15 மீட்டராக இருந்தால் கிளைடர் அந்தரத்தில் நின்றுவிடும். மூக்கைக் கீழே தள்ளினால் கொஞ்சம் நகரும், விட்டால் பின்வாங்கும். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் 'காற்று அதிகம், எடையைக் குறைப்போம்' என்று நினைக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். வேகம் இறக்கைப் பளுவின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. எடையை ஒன்றரை மடங்காக்கினால் வேகம் 22 விழுக்காடு கூடும், 15 என்பது 18-ஐத் தாண்டும். அந்த 3 மீட்டர்தான் சரிவுக்கு முன்னால் நிற்பதற்கும் பின்னால் போய் விழுவதற்கும் நடுவில் உள்ள தூரம்.

12 மி.மீ. விட்டமுள்ள பித்தளைக் கம்பியை 60 மி.மீ. துண்டுகளாக அறுத்தால் ஒரு துண்டு சுமார் 58 கிராம் வரும். அதே அளவு ஈயம் 77 கிராம். ஈயம் மலிவு, ஆனால் மோதலில் நசுங்கி, குழாய்க்குள் இறுகிவிடும், பிறகு எடுக்க வராது. பித்தளையே வசதி. சி.ஜி. (ஈர்ப்பு மையம்) கோட்டின் மேல், இறக்கைக்குக் குறுக்கே நேராக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் பதித்து அதற்குள் துண்டுகள். காற்று 11 முதல் 13 வரை என்றால் 4 துண்டு, அதற்கு மேல் 8 துண்டு. மையத்திலிருந்து இருபுறமும் சமமாக நிரப்பி, மிச்ச இடத்தை அதே விட்டமுள்ள மரக்குச்சியால் அடைத்து, இரண்டு முனையையும் பூட்டுங்கள். குழாய்க்குள் துண்டு ஒருபக்கம் நகர்ந்தால் அந்த இறக்கை கனத்து, திருப்பத்திலிருந்து மீளாது.

குழாயின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: 450 கிராம் பாரம் சி.ஜி.க்கு 10 மி.மீ. பின்னால் இருந்தால், 1350 கிராம் கிளைடரின் சி.ஜி. 3.3 மி.மீ. பின்னால் போகும். வால் இல்லாத இறக்கைக்கு அது தாங்காது; மூக்கு மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். பாரம் ஏற்றுமுன் ஒருமுறை, ஏற்றியபின் ஒருமுறை தராசில் வைத்து இரண்டும் ஒரே புள்ளியில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் டிரிம்மை (நடுநிலைத் திருத்தத்தை) தொடவே வேண்டாம், அதே கோணத்தில் வேகம் மட்டும் கூடும்.

இரண்டாம் கட்டம்: வார்ப்பு கிளைடர்

2 மீட்டர் அகலம், வி வடிவ வால், கண்ணாடியிழையும் கார்பனும் சேர்ந்த வார்ப்பு. பரப்பு 34, வெறும் எடை 1500, முழுப் பாரத்துடன் 2400 கிராம். பளு சதுர டெசிமீட்டருக்கு 44 கிராமிலிருந்து 70-க்குப் போகிறது. பெரிய போட்டிக் கிளைடர்களும் இந்த எல்லையில்தான் பறக்கின்றன. சரிவில் வேகமாகப் பறக்கும் போட்டியான எஃப்3எஃப்-இன் விதிப்படி உச்ச எடை 5 கிலோ, பளு 75 கிராம். 100 மீட்டர் நீளத்தைப் 10 முறை கடக்க வேண்டும், காற்று 3 முதல் 25 மீட்டர்வரை இருக்கலாம். 2016-இல் அதன் உலகச் சாம்பியன் போட்டி டென்மார்க்கில்தான் நடந்தது. பலத்த காற்றில் அந்தக் கிளைடர்களைப் பார்த்தவர்களுக்கு எடையின் அருமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எறிவதற்கு இரண்டு பேர் வேண்டும். எறிபவர் முகட்டுக்குச் சற்றுப் பின்னால் கிளைடரைத் தாழ்வாகப் பிடித்து, சர்வோக்கள் அசைவதைப் பார்த்துவிட்டு முன்னே வரட்டும். இறக்கை மட்டமாக, மூக்கு அடிவானத்துக்கு 5 முதல் 10 பாகை கீழே, காற்றுக்கு நேராகத் தள்ளி எறிய வேண்டும். மேல்நோக்கி எறிந்தால் காற்று அடிவயிற்றைப் பிடித்து, எறிந்தவர் தலைக்கு மேலேயே புரட்டிவிடும். திருப்பம் எப்போதும் கடலைப் பார்த்துத்தான். சரிவை நோக்கித் திரும்பினால், 15 மீட்டர் காற்றில் 3 விநாடித் திருப்பம் கிளைடரை 45 மீட்டர் பின்னுக்கு இழுத்துவிடும்.

ஐரோப்பிய விதியில் 10 கிலோவுக்குக் குறைந்த கிளைடருக்கு ஒரு நல்ல சலுகை உண்டு. 120 மீட்டர் உயர வரம்பை கீழே உள்ள தரையிலிருந்து அளக்க வேண்டாம், இயக்குபவர் நிற்கும் இடத்திலிருந்து அளந்தால் போதும். 250 கிராமுக்கு மேற்பட்ட மாடலுக்கு இயக்குநர் பதிவு தேவை.

இறக்குதல்

அமைதியான நாளில் வார்ப்பு கிளைடரின் ஃபிளாப்பை (இறக்கையின் உட்பக்கப் பின்மடலை) 65 பாகை இறக்கி, எய்லரானை (நுனிப்பக்கப் பின்மடலை) 15 பாகை தூக்கி, அதையே பிரேக்காக்கி மெதுவாக வந்து அமரலாம். 14 மீட்டருக்கு மேல் அதே பிரேக்கைப் போட்டால் கிளைடர் முகட்டின் பின்னால் அந்தரத்தில் நின்று, அப்படியே கல்லாக விழும். ஃபிளாப்பை 35 பாகையோடு நிறுத்துங்கள். 15 மீட்டர் எதிர்க்காற்றில் 20 மீட்டர் காற்றுவேகம் வைத்து வந்தால் தரையைப் பொறுத்த வேகம் 5 மீட்டர்தான். ஓடுபாதை எதுவும் வேண்டாம். கடைசி 2 மீட்டர் உயரத்தில் தரை உராய்வால் காற்று சட்டென்று தணியும், கிளைடரின் காற்றுவேகமும் அதோடு விழும். அதனால் இடுப்பு உயரம்வரை மூக்கைத் தூக்கவே கூடாது.

நுரை இறக்கைக்கு வேறு வழி: முகட்டின் ஓரமாகக் கீழிருந்து சாய்ந்து மேலேறி வந்து, விளிம்புக்கு அரை மீட்டர் கீழே சரிவிலேயே அமர்த்துவது. சுழலுக்குள் போகவே வேண்டாம். மணல்புல் மெத்தென்று தாங்கும். ரோஜாப் புதர்களைத் தவிருங்கள். இந்தக் கரை முழுக்கப் பரவியிருக்கும் முள்ரோஜா ஃபிலிமைக் கீறிக் கிழிக்கும், உள்ளே போய் எடுப்பவர் கையையும்.

ஏற்றம் அதிகமாகிக் கீழே வர மறுத்தால் கடலை நோக்கி நேராக வெளியே போய், ஏற்றம் தேய்ந்த இடத்தில் உயரத்தைக் கரைத்துவிட்டு வாருங்கள். பின்பக்கம் போய்க் குறைக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

மணலும் உப்பும்

15 மீட்டர் காற்றில் மணல் பறக்கும். சர்வோ திறப்பை நாடாவால் மூடுங்கள், சுவிட்சை உடலுக்குள் வையுங்கள். தரையில் வைக்கும்போது கிளைடரைக் கவிழ்த்து, மூக்கு காற்றைப் பார்க்க, மேலே ஒரு மணல்பை. வீடு வந்ததும் கீல் இடுக்குகளை உலர்ந்த தூரிகையால் தட்டி, கம்பி முனைகளை நல்லநீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். கடலில் விழுந்து கரையொதுங்கினால் முதலில் பாட்டரியைக் கழற்றி, ரிசீவரையும் சர்வோவையும் நல்லநீரில் அலசி உலர்த்துங்கள். உப்பு காய்ந்தபின் செய்தால் பயனில்லை.

சாம்பல் கடலுக்கு எதிரே வெள்ளைக் கிளைடர் மறைந்துபோகும். கீழ்ப்பக்கம் கறுப்புப் பட்டை ஒரு கை அகலத்துக்கு, மேலே ஆரஞ்சு. காதுவரை மூடும் கண்ணாடி அணியாவிட்டால் இரண்டு நிமிடத்தில் கண்ணில் நீர் வழியும். டிரான்ஸ்மிட்டரைக் காற்று அசைக்கும், கழுத்துப்பட்டை கட்டாயம்; குளிருக்கு அதை மூடும் கையுறைப் பை.

அடுத்ததாக 2 மீட்டர் கிளைடரில் பித்தளைக்குப் பதில் டங்ஸ்டன் வைத்துப் பார்க்கப்போகிறோம். அதே எடைக்குப் பாதிக்கும் குறைவான நீளமே ஆகும். பாரம் முழுவதையும் உடலுக்குள்ளேயே, சி.ஜி.க்கு நேராக அடக்கிவிடலாம். ரோல் எவ்வளவு சுறுசுறுப்பாகிறது என்பதை 14 மீட்டர் காற்றில் அளந்து அடுத்த குறிப்பில் எழுதுகிறோம்.