நானா இது?

கல்யாண ரிசப்ஷனில் என் இடம் பெரும்பாலும் வளையல் ஸ்டாலுக்கும் பஞ்சு மிட்டாய் மெஷினுக்கும் நடுவில்தான். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளைத் துணி போட்டது விருந்தாளிக்கு, போடாதது எனக்கு. பக்கத்தில் 'லைவ் கேரிகேச்சர்' என்று ஒரு ஸ்டாண்டி. உட்காருகிறவர் முகத்தை அங்கேயே கொஞ்சம் மிகைப்படுத்தி, வேடிக்கையாக வரைந்து கொடுப்பது என் வேலை. ஏழு மணியில் இருந்து பத்து மணி வரை, ஆளுக்கு ஐந்து நிமிடம். கணக்குப் போட்டால் 36 முகம் வர வேண்டும். ஒரு நாளும் வந்ததில்லை, 25 தாண்டினாலே நல்ல நாள். பாதி முகத்தில் எழுந்து "ஸ்டேஜுல போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று போகிறவர்கள், மூக்கு ஒழுகும் குழந்தைகள், நேரம் பார்த்துத் தீரும் பேனா, இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் படித்தது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது. இருக்கும் இடம் பெரியமேடு. சென்ட்ரலும் எழும்பூரும் பக்கத்திலேயே என்பதால், ஸ்கெட்ச் நோட்டோடு ரயில் நிலையத்துக்குப் போய் உட்காருவது மாணவர்களின் வழக்கம். நானும் பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்களையே நோட்டு நோட்டாக வரைந்தேன். தூங்குகிறவர்கள் அருமையான மாடல்கள். அசைய மாட்டார்கள், காசு கேட்க மாட்டார்கள், படத்தையும் பார்க்க மாட்டார்கள். அந்த மூன்றாவது சௌகரியத்தின் அருமை மண்டபத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் ரிசப்ஷன் எனக்காக வந்த வாய்ப்பு இல்லை. சீனியர் ஒருவருக்குக் காய்ச்சல், என்னை அனுப்பினார். பார்க்கப் பளபளவென்று இருக்கட்டும் என்று வழவழப்பான ஆர்ட் பேப்பர் வாங்கிப் போனேன். அதில் மை சீக்கிரம் காயாது என்பது தெரியாமல் இல்லை, அன்றைக்குத் தோன்றவில்லை. ஒரு அம்மா படத்தை ஆசையாக மார்போடு அணைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது படத்தில் பாதி மூக்கு இல்லை, அது அவருடைய பட்டுப் புடவையில் இருந்தது. அன்றில் இருந்து வழவழப்பில்லாத, கெட்டியான 200 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் பேப்பர்தான். ஏசி காற்றில் பறக்காமல் இருக்க நாலு கிளிப்பும் பையில் எப்போதும் இருக்கும்.

இந்த வேலையில் எனக்குப் பிடிபட நாளான விஷயம், உட்காரும் அமைப்பு. எதிரே விருந்தாளி. என் முதுகுக்குப் பின்னால் கூட்டம். அவருக்குப் படம் தெரியாது, கூட்டம் தெரியும். எனக்குப் படம் தெரியும், கூட்டம் தெரியாது. அதனால் அவர் என்னைப் பார்ப்பதே இல்லை. என் தோளுக்கு மேலே, சித்தப்பா முகத்தையும் மச்சினி முகத்தையும் பார்த்துக்கொண்டு படம் எப்படி வருகிறது என்று ஊகிக்கிறார். அவர்கள் சிரித்தால் இவரும் சிரிக்கிறார். "அய்யய்யோ" என்று யாராவது சொன்னால் இவருக்குக் காது சிவக்கிறது. நான் வரைவது அந்த முகத்தை. அதாவது, என் பின்னால் நிற்கிற கூட்டம் எதிரே இருக்கிற முகத்தில் எப்படித் தெரிகிறதோ, அதை.

கூட்டம்தான் நீதிபதி என்பதும் அப்படித்தான் புரிந்தது. படத்தைத் திருப்பிக் காட்டியதும் பின்னால் இருப்பவர்கள் "அச்சு அசல்!" என்பார்கள். உட்கார்ந்தவர் மட்டும் "நானா இது?" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அண்ணன் மாதிரி இருக்கே" என்பார். எத்தனை அண்ணன்களை நான் பார்க்காமலே வரைந்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

முன்பெல்லாம் என் கைதான் சரியில்லை என்று நினைத்து வருத்தப்படுவேன். உண்மையான காரணம் கண்ணாடி. நம் முகம் நமக்குப் பழக்கமானது கண்ணாடியில், இடம் வலமாக மாறிய நிலையில். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு புருவம் ஏறியிருக்கும், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும். ஊரார் பார்க்கும் பக்கம் நமக்கு அந்நியம். 1977-இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரே போட்டோவை நேராகவும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பியும் காட்டியபோது, போட்டோவில் இருந்த பெண்களில் பெரும்பாலோருக்குத் திருப்பிய படம் பிடித்தது, அவர்களுடைய தோழிகளுக்கு நேரான படம். இதைப் படித்த நாளில் இருந்து "அண்ணன் மாதிரி" என்றால் நான் கோபப்படுவதில்லை. பின்னால் நிற்பவர்களிடம் நீட்டிவிடுகிறேன்.

சாயல் கண்ணிலும் மூக்கிலும் இருக்கிறது என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். "கண்ணு நல்லா போடுங்க சார்" என்று சொல்லாத ஆளே இல்லை. கல்லூரியில் ஓர் ஆசிரியர், 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களைக் காட்டுவார். ஆதிமூலமும் அதே கல்லூரிதான். சில கோடுகள், ஒரு முதுகின் வளைவு, தலை முன்னால் நீளும் விதம். அவ்வளவு போதும், காந்தி நடந்து போகிறார். நானும் முதல் அரை நிமிடம் பேனாவைத் தொடமாட்டேன். தலை கழுத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். அதைப் பிடித்துவிட்டால் மூக்கைச் சுமாராகப் போட்டாலும் கூட்டம் கண்டுபிடித்துவிடும். குழந்தைகளுக்கு மட்டும் வேறு கணக்கு. பெரியவர்களுக்குக் கண் தலையின் நடுவில் இருக்கும், குழந்தைகளுக்கு அதற்கும் கீழே. அந்த நெற்றியைச் சுருக்கிவிட்டால் மூன்று வயதுப் பிள்ளை குள்ளமான மாமா ஆகிவிடும்.

கேரிகேச்சர் என்ற சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் 'பாரம் ஏற்றுவது'. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போலோன்யாவைச் சேர்ந்த அன்னிபலே கராச்சி இதை ஆரம்பித்து வைத்ததாகச் சொல்வார்கள். அவருக்கு என்ன, அவர் கல்யாண மண்டபத்தில் உட்காரவில்லை. இங்கே யார் தலையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை உறவுமுறை தீர்மானிக்கிறது. மாப்பிள்ளையின் நண்பன் தலையில் மூட்டையே வைக்கலாம். அத்தை, பெரியம்மா என்றால் கைப்பை அளவு. கருப்பு மையில், கோடு மட்டும் போடும் படத்தில் "கொஞ்சம் கலரா வரைங்க" என்று கேட்பவர்களும் உண்டு. நானும் தலையாட்டுவேன். கன்னத்தில் கோடு எதுவும் போடாமல் விட்டால் அவர்களுக்குத் திருப்தி.

வேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா வந்து உட்கார்ந்தார். முறுக்கிய மீசை, தோளிலேயே நேராக வைத்ததுபோல் தலை. எனக்குக் குஷி. கழுத்தை மொத்தமாக எடுத்துவிட்டு மீசையை இரண்டு பக்கமும் பேப்பரின் ஓரம் வரை இழுத்தேன். வழக்கமாக மூணாவது கோட்டிலேயே பின்னால் சிரிப்பு கிளம்பும். அன்றைக்குச் சத்தமே இல்லை. ஆள் இல்லையோ என்று திரும்பினால், பதினைந்து பேர் நிற்கிறார்கள். அத்தனை பேரும் பெண் வீட்டார். சம்பந்தியைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? அவர்கள் இறுகிய முகத்தைப் பார்த்து அவர் முகம் இறுகியது, அந்த இறுக்கத்தை என் கை வரைந்துகொண்டே போனது. கடைசியில் பெண்ணின் அப்பா குனிந்து என் காதருகே சொன்னார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு. "தம்பி, சம்பந்திக்குக் கொஞ்சம் கழுத்து வைப்பா."

எதிரே இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. "எனக்கே இல்லாததை அவரு எங்க இருந்து வைப்பாரு?" என்றார். அப்புறம்தான் அந்தப் பதினைந்து பேரும் சிரித்தார்கள்.

2025-இல் போனிலேயே போட்டோவை ஓவியமாக மாற்றும் மோகம் கிளம்பியபோது, இனி நம்மை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நண்பர்கள் எல்லோரும் பயந்தோம். எனக்குப் புக்கிங் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் வருகிற இடத்தில் வரிசை குறையவில்லை. போனை நீட்டி "இது பத்தே செகண்ட்ல வந்துச்சு" என்று காட்டிய பையனும் அந்த வரிசையில்தான் நின்றான். பேலன்ஸ் வாங்கத்தான் இன்னும் ஈவென்ட்காரர்கள் பின்னால் நாலு வாரம் அலைய வேண்டியிருக்கிறது. அதற்கு ஏதாவது ஆப் வந்தால் தேவலை.

போன தை மாதம் ஒரு ரிசப்ஷனில், கூட்டமெல்லாம் கடைசிப் பந்திக்குப் போன பிறகு, மெஹந்தி ஸ்டால் பெண் வந்து உட்கார்ந்தாள். மூன்று மணி நேரமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள். இப்போது என் பின்னால் யாரும் இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரைந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பஞ்சு மிட்டாய் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க வாங்களேன். இது நானா?"

கையில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டே அவர் வந்தார். படத்தை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்தார்.

"மூக்கு நீதாம்மா. வாய்தான், இப்படி மூடி இருந்து நான் பார்த்ததே இல்ல."