ரேஷன் அரிசிக்கு விலை போட்டோம், வாட்ஸ்அப்புக்குப் போடவில்லை

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய்ச் செலவுக் கணக்கு கேட்பது என் வேலை. 2022 ஆகஸ்டில் தொடங்கி 2023 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவு சர்வேயில் காகிதப் படிவம் போய் டேப்லெட் வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காமல் உணவு, அன்றாடப் பொருள்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருள்கள் என்று பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதம் மூன்று முறை போனோம். மூன்றாம் முறை போகும்போது நாய்கூடக் குரைக்காது.

அந்தச் சுற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது, இலவசமாக வந்த பொருளுக்கும் ஒரு விலை போட்டுப் பார்த்ததுதான். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். சைக்கிள், லேப்டாப் எல்லாம் வீட்டுக்கு வந்திருக்கும். காசு கொடுக்கவில்லை என்பதற்காக அவற்றைச் சாப்பிடவில்லை, பயன்படுத்தவில்லை என்று ஆகிவிடுமா? அதனால் கணக்கை இரண்டு விதமாக வெளியிட்டார்கள். இந்தியக் கிராமங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு 3,773 ரூபாய். இலவசப் பொருள்களின் மதிப்பையும் சேர்த்தால் 3,860.

அரிசிக்குக் கடை விலை இருக்கிறது, போட்டுவிட்டோம். போனுக்கு வரும்போதுதான் சிக்கல். குடவாசல் பக்கம் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். முன்பெல்லாம் ஐஎஸ்டி பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகப் பேசிய அக்கா, இப்போது தினமும் இரவு வீடியோ காலில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் வரைக்கும் காட்டுகிறார். என் டேப்லெட்டில் ஏறுவது ரீசார்ஜ் தொகை மட்டும். பூத்துக்காரருக்குப் போன காசு நாட்டின் உற்பத்திக் கணக்கில் இருந்தது. அந்தத் தொழில் போனதும் அதுவும் போய்விட்டது. பேச்சு பல மடங்கு கூடியது மட்டும் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

எரிக் பிரின்ஜோல்ஃப்சன் என்ற பொருளாதார அறிஞரும் அவர் சகாக்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். என்ன கொடுக்கிறாய் என்று கேட்காதே, எவ்வளவு தந்தால் விட்டுவிடுவாய் என்று கேள். நெதர்லாந்து மாணவர்களிடம் கேட்டபோது, ஒரு மாதம் வாட்ஸ்அப்பை விட்டுவிட அவர்கள் கேட்ட தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் 536 யூரோ வந்தது. படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. படிவத்தில் இல்லாத கேள்வி என்பதால் டேப்லெட்டை மூடிய பிறகு, சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன்.

"பத்தாயிரம் குடுங்க தம்பி, விட்டுடுறேன். ஆனா அந்த பூத்த யாரு திரும்பக் கொண்டாந்து வைப்பா?" என்றார் அக்கா. மன்னார்குடி பக்கம் ஒரு விவசாயியிடம் போனில் வரும் மழைச் செய்தியைப் பற்றிக் கேட்டேன். குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டுமே என்று உட்கார்ந்திருந்த நேரம். "இப்ப கேட்டா அஞ்சாயிரம் சார். சித்திரையில கேட்டீங்கன்னா சும்மாவே எடுத்துக்குங்க." இதற்கு ஆண்டு சராசரி எடுத்து என்ன செய்வது? டாலரிலும் யூரோவிலும் வரும் அந்தப் பெரிய எண்களைப் பார்த்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

யுபிஐ தரவு இருக்கும்போது வீடு ஏறி இறங்குவானேன் என்று கேட்பவர்களும் உண்டு. திருப்பூரில் வேலை செய்யும் மகன் அம்மாவுக்குப் பணம் போடுகிறான், அம்மா தம்பிக்கு மாற்றுகிறார், தம்பி உரக்கடையில் ஸ்கேன் செய்கிறார். பரிவர்த்தனை மூன்று, வாங்கியதோ ஒரே மூட்டை யூரியா. தனிநபருக்குப் போனது, வியாபாரிக்குப் போனது என்று பிரித்துத்தான் யுபிஐ எண்ணிக்கை வருகிறது; ஆனால் இங்கே பாதி டீக்கடையில் ஒட்டியிருப்பது வீட்டம்மா பெயரில் உள்ள சொந்தக் கணக்கு. செயற்கைக்கோளை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மேகத்தையும் ஊடுருவி எங்கே சம்பா நட்டிருக்கிறது என்று ராடார் படம் காட்டிவிடும். விளைந்தது யார் வீட்டுக்குப் போனது என்பதுதான் அதற்குத் தெரியாது.

அப்புறம் சிறு தொழில் சர்வே. அமைப்புசாரா நிறுவனங்களில் இணையம் பயன்படுத்துபவை 2022-23-இல் 21.1 சதவீதம், 2023-24-இல் 26.7 சதவீதம் என்று அறிக்கை சொல்கிறது. திருபுவனத்தில் ஒரு பட்டுத்தறிக்காரர், புடவையைப் போட்டோ எடுத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பி நேராக விற்கிறார். தொழிலுக்கு இன்டர்நெட் உண்டா என்றேன். "அதெல்லாம் இல்லீங்க சார், வாட்ஸ்அப் மட்டும்தான்" என்றார்.

அதிலிருந்து இந்தக் கேள்வி வந்தால், படிவத்தில் உள்ளபடி படித்துவிட்டு, "போன்ல போட்டோ அனுப்பி ஆர்டர் எடுக்கிறதுண்டா?" என்றும் சேர்த்துக் கேட்கிறேன். முதலில் இல்லை என்றவர்கள் பலர் அப்போது போனை எடுத்து ஆர்டரைக் காட்டுகிறார்கள்.